பதினெட்டு டிகிரியில் ஒரு கம்பளி விழா

கொல்லிமலை குளிர்ப் பிரதேசம், அங்கே ஏசி ஓடினாலும் ஒன்றுதான் ஓடாவிட்டாலும் ஒன்றுதான் என்று குளிர்நிலா நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்க வேண்டும். மலை என்றிருந்தால் அதற்கு அடிவாரம் என்றும் ஒன்று இருக்கும், மேலே ஆட்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் காலத்தில் கீழே காரவள்ளியில் நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு லாரிக்கு அடியில் கிடக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காரவள்ளியையும் சேர்த்து 'கொல்லிமலை குளிர் மண்டலம்' என்று ஒரே கோடாகக் கிழித்துவிட்டான்.

அந்தக் கோட்டுக்குள் இருசாயியின் வீடு மாட்டிக்கொண்டது.

வீடென்றால் ஒரே அறை. மேலே சிமெண்ட் அட்டை. அந்த அறையில் ஏசி மாட்டியபோது தெருவே சிரித்தது. ஆனால் இருசாயி சொகுசுக்காக அதை வாங்கவில்லை. அவள் புருஷன் சுப்பையன் மலைப்பாதையில் ரோடு வேலை பார்த்தவன். ஒருநாள் தார் டிரம்மில் தீப்பிடித்து அவன்மேல் சரிந்தது. முதுகும் மார்பும் கைகளும் வெந்துபோய், தொடைத்தோலை உரித்து அங்கங்கே ஒட்டி, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது டாக்டர் சொன்னார்: "வெந்த தோலுல வேர்வை வராதும்மா. சூடு உள்ளேயே தங்கிரும். வெயில் காலத்துல குளுமையான ரூம்லயே வெச்சிரு. இல்லேன்னா காய்ச்சல் மாதிரி ஏறி ஆளைத் தூக்கிரும்."

விபத்துக்குக் கிடைத்த பணம் ஏசியாகச் சுவரில் ஏறியது. சுப்பையன் அதற்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தான். இருசாயி பஸ் ஸ்டாப்பில் பலாச்சுளையும் அன்னாசியும் விற்றாள். மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டிலிருந்து அத்தாயி என்பவள் பஸ்ஸில் பழம் இறக்கிக் கொடுப்பாள். இப்படியே இரண்டு கோடை நல்லபடியாகக் கழிந்தது.

மூன்றாம் கோடையில் ஏசி பேச ஆரம்பித்தது. முதலில் டொக்கு டொக்கு என்றது. பிறகு சுப்பையனின் தலைமாட்டில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டது. பிறகு உள்ளே வெள்ளையாக ஐஸ் கட்டியது. பிறகு பழைய சாக்கு நனைந்த வாடை அடித்தது. காற்று மட்டும் வரவரச் சூடானது.

இருசாயி கம்பெனிக்குப் போன் போட்டாள். "அறிகுறியை முன்பே அறிவோம்! குறையை அடியோடு ஒழிப்போம்!" என்று ஒரு பாட்டு பாடி முடிந்ததும் கீர்த்தனா என்கிற பெண் வந்தாள். தேன் ஒழுகும் குரல்.

"சத்தம் எப்படி வருதுங்க மேடம்? கடகடன்னா, கரகரன்னா, உய்யுன்னா?"

"டொக்கு டொக்குன்னு வருது கண்ணு."

"டொக்கு டொக்கு எங்ககிட்ட இல்லீங்க மேடம். கடகடன்னு போட்டுக்கட்டுங்களா?"

"எதையாச்சும் போட்டுக்க சாமி, ஆளை அனுப்பு."

"கடகட வெறும் அறிகுறிதானுங்க மேடம். அறிகுறி வேற, குறை வேற. அது குறையா மாறுதான்னு நீங்க தொடர்ந்து கவனிக்கணும்."

"மாறிருச்சுன்னா?"

"அறிகுறி தெரிஞ்சும் ஓட்டியிருக்கீங்கன்னு ஆயிரும் மேடம். அப்புறம் வாரண்டி கிடையாதுங்க."

"அப்ப ஓட்டக்கூடாதா?"

"ஓட்டாம எப்படிங்க மேடம் கவனிப்பீங்க?"

இருசாயி போனைக் காதிலிருந்து எடுத்து, அதற்குள் இருப்பது மனுஷிதானா என்பதுபோல் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் மூடியில் கம்பெனி சீல் இருந்தது. வேறு கை பட்டாலே வாரண்டி காலி.

தினமும் போன் போட்டாள். பழம் விற்கிற நேரத்தில் பாதி அந்தப் பாட்டைக் கேட்பதிலேயே போயிற்று. கடைசியில் ஆள் வந்தது. வந்தவன் சதீஷ்குமார் என்கிற இளைஞன். நல்ல பையன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, போனை ஏசிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்தான். பதிவு முடிந்ததும் போகத் திரும்பினான்.

"ஏப்பா, கழட்டிப் பாக்கலையா? உள்ளார ஐஸ் கட்டிக் கெடக்குதே?"

சதீஷ்குமார் ஐஸைப் பார்த்தான். பார்த்ததற்காக வருத்தப்பட்டான். "அக்கா, நான் ஒலிப் பிரிவு. சத்தத்தை மட்டும்தான் உறுதிப்படுத்தலாம். ஐஸைப் பார்த்தேன்னு சொன்னாலே எனக்கு மெமோ குடுத்துருவாங்க. தண்ணிக்கு நீர்ப் பிரிவு வரும். வாடைக்கு வாசனைப் பிரிவு வரும். மூணு பேரும் உறுதிப்படுத்தினாத்தான் கழட்டற பிரிவுக்குப் போகும்."

"கழட்டறவன் எப்ப வருவான்?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அவங்களைப் பார்த்ததில்லைக்கா."

நீர்ப் பிரிவுக்காரர் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்து சொட்டுக்காகக் காத்திருந்தார். அவர் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. சொட்டு விழவில்லை. 'அறிகுறி காணப்படவில்லை' என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டு போனார். வாசனைப் பிரிவுக்காரருக்கு மூக்கடைப்பு. ஏசிக்கு நேராக நின்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். நான்காம் தடவை அடுக்குத் தும்மல் போட்டார். "ஒண்ணும் வரலீங்களேம்மா" என்றார்.

"உங்களுக்குச் சளிங்க!"

"அது என் சொந்த விசயம்மா. ஆபீஸ் வேலையில சொந்த விசயத்தைக் கலக்கக்கூடாது."

அன்று சாயங்காலமே போனில் பாட்டு வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் புகார் வெற்றிகரமாக முடித்து வைக்கப்பட்டது. மகிழ்ச்சி என்றால் ஒன்றை அழுத்தவும். மிக்க மகிழ்ச்சி என்றால் இரண்டை அழுத்தவும்." மூன்று என்று ஒன்று இல்லவே இல்லை. இருசாயி கீர்த்தனாவைப் பிடித்து, எப்படி முடிந்தது என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டரே முடிச்சிருக்குங்க மேடம். உங்க ஏரியா கொல்லிமலை. அங்க இயற்கையாவே குளிருதுங்க."

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், வெளியே மாட்டியிருந்த பெட்டி 'பட்' என்று வெடித்துப் புகைந்தது. உள்ளே மாட்டியிருந்த பெட்டி மட்டும் எதுவும் தெரியாததுபோலப் பச்சை விளக்கு எரிய, 18 என்று காட்டிக்கொண்டு, அடுப்புக் காற்றை ஊதியபடி இருந்தது. இருசாயி பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தபோது சுப்பையன் கட்டிலிலிருந்து பாதி கீழே சரிந்து கிடந்தான். உடம்பு தோசைக்கல்லாய்க் கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. கண் எங்கோ மேலே போய்ச் செருகியிருந்தது. "ஏனுங்க, ஏனுங்க" என்று அவள் கூப்பிட்டதற்கு, ரோட்டில் தார் ஊற்றச் சொல்லி யாருக்கோ உத்தரவு போட்டான்.

குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். ஈரச் சாக்கில் சுற்றினாள். பக்கத்து வீட்டு மினி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தூக்குகிறவர்கள் வேறு திசையில் போயிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே மறுபடியும் போன் போட்டாள். பெரிய ஆளைக் கேட்டாள். அவள் கத்தின கத்தலில் தேன் வற்றிப்போன குரலோடு கீர்த்தனா, மண்டல மேலாளர் சிவபிரகாஷுக்கு இணைப்பு கொடுத்தாள்.

"அம்மா, நிதானமா பேசுங்க. உணர்வு வேற, தரவு வேற. என் ஸ்கிரீன்ல உங்க வீடு பச்சையா இருக்கு. பச்சைன்னா குளுகுளுன்னு அர்த்தம்."

"அய்யா, என்ற ஊட்டுக்காரரு மயங்கி உழுந்து சாகக் கெடந்தாருங்க!"

"அது மருத்துவ அறிகுறிம்மா. நம்மகிட்ட இருக்கிறது இயந்திர அறிகுறி மட்டும்தான். ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

இருசாயி அழவில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு, உள்ளே போய்ப் புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போது அவள் வாய்க்குள் முணுமுணுத்தது பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்டிருக்கிறது. "இவனுகளை ஒருநாள் வேக வெக்கோணும்."

அத்தாயிதான் வழி சொன்னாள். "இந்த வெயில் தணியற மட்டுக்கும் அண்ணனை எங்கூட்டுல கொண்டாந்து உடு. மேல ஏசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பஸ் வளைவு வளைவாக ஏற ஏறச் சுப்பையனுக்கு உயிர் வந்தது. தேவனூர் நாட்டில் இறங்கும்போது அவனுக்குக் குளிரவே செய்தது. அவனை அங்கே விட்டுவிட்டு இருசாயி தனியாக இறங்கி வந்தாள். கடையை விட்டால் சோறு இல்லை. பழம் அறுக்கிற கத்தியை அவள் அந்த நாட்களில் தேவைக்கு மேலேயே தீட்டினாள் என்று பஸ் ஸ்டாப்பில் சொல்லிக்கொண்டார்கள்.

இப்படியிருக்கும்போது அந்தப் போன் வந்தது. சிவபிரகாஷே பேசினார். பாட்டுகூட இல்லை.

"அம்மா, சந்தோசமான செய்தி. நம்ம கொல்லிமலை மண்டலத்துல ஒரு புகார்கூட பாக்கி இல்ல. அதனால 'குறையில்லா மண்டலம்'னு விருது குடுக்க நிர்வாக இயக்குநர் மாதேஸ்வரன் சாரே வாராரு. அதிகமா அறிகுறி சொன்ன விழிப்பான வாடிக்கையாளர் நீங்கதான். உங்களுக்குப் பொன்னாடை. மலைமேல ஒரு விடுதியில வெச்சுக்கலாம்."

இருசாயிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"எதுக்குங்க சாமி விடுதி? என்ற ஊட்டுலயே வெச்சுப்போடுங்க. ஏசிக்குக் கீழயே நின்னு படம் எடுத்தா எடுப்பா இருக்குமுங்களே?"

மறுமுனையில் சிவபிரகாஷ், "அடடா! இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார். தனக்கே தோன்றியதாகத் தலைமை அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டார். விழாவை எல்லாக் கிளைகளுக்கும் நேரலையில் காட்டுவதென்றும் முடிவாயிற்று.

இருசாயி மலையேறிப் போய் அத்தாயியிடம் விவரம் சொன்னாள். அத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஊருக்குள் போய் வீட்டுக்கு ஒன்றாகக் கம்பளி இரவல் வாங்கி மூட்டை கட்டினாள். "மொளகு வேணுமா?" என்றாள். "நெறயா குடு" என்றாள் இருசாயி.

விழாவன்று உச்சி வெயில். சிமெண்ட் அட்டையின்மேல் காக்கைகூட உட்காரவில்லை. காரிலிருந்து கோட்டும் டையுமாக மாதேஸ்வரன் இறங்கினார். அதைவிடக் கனமான கோட்டில் சிவபிரகாஷ். பின்னால் நீர்ப் பிரிவு, வாசனைப் பிரிவு, கேமராக்காரர், இன்னும் என்னென்னவோ பிரிவுகள். அறைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். இருசாயி ஜன்னலைத் துணி வைத்து அடைத்திருந்தாள்.

"கதவு ஜன்னல் இறுக்கி மூடோணும்னு உங்க கம்பெனி விதிங்க" என்றாள். "எங்கூட்டுக் கதவு உள்பக்கம் நிக்காதுங்க, கோணல். வெளிய தாழ் போட்டாத்தான் இறுகும்."

"விதியை மதிக்கும் வாடிக்கையாளர்!" என்று சிவபிரகாஷ் கேமராவைப் பார்த்துச் சொன்னார். ஒலிப் பிரிவுச் சதீஷ்குமாரை வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஏசி 18 என்று காட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. சூளைக் காற்று வீசியது.

சிவபிரகாஷ் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். பிறகு இருசாயியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுத்தான் அவர் 'எங்கள் மண்டலத்தில் ஒவ்வொரு வீடும் குளுகுளு' என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார்.

"எப்படி இருக்கு சிவபிரகாஷ்?" என்று மாதேஸ்வரன் கேட்டார்.

"பிரமாதமான குளிர் சார்."

மாதேஸ்வரன் கழுத்துப் பட்டையை லேசாகத் தளர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். "நண்பர்களே! குளிர் என்றால் என்ன? அது உடம்பு சொல்லும் கருத்து. உடம்பு பொய் சொல்லும். எண் பொய் சொல்லாது. நம் இயந்திரம் பதினெட்டு என்று சொன்னால் அது பதினெட்டுதான். சுடுகிறது என்று ஒருவர் சொன்னால் கோளாறு அவரிடம் இருக்கிறதே தவிர இயந்திரத்தில் இல்லை. முன்பெல்லாம் நாம் குறைகளைச் சரி செய்துகொண்டிருந்தோம். எவ்வளவு வீண் செலவு! இன்று குறை என்ற சொல்லையே சரி செய்துவிட்டோம்!"

கை தட்டினார்கள். தட்டிய கைகளிலிருந்து வேர்வை தெறித்தது.

"அய்யா குளுருல நடுங்கறாரு பாருங்க" என்றாள் இருசாயி. மாதேஸ்வரன் உண்மையாகவே லேசாக ஆடிக்கொண்டிருந்தார். "மலைக்காரங்க மரியாதைங்க, மறுக்கப்படாது." அத்தாயி அனுப்பிய கம்பளிகளில் தடித்ததைப் பார்த்து எடுத்து அவர் தோளில் போர்த்தி, முன்பக்கம் இழுத்து முடிச்சும் போட்டாள். அடுத்தது சிவபிரகாஷுக்கு, கோட்டின்மேல். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பதினெட்டு டிகிரியில் கம்பளி வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? எல்லாக் கிளைகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு ரசம் வந்தது. மலை மிளகை இடித்துப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றினாள். "குளுருக்கு இதமா இருக்குமுங்க." நீர்ப் பிரிவுக்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாசனைப் பிரிவுக்காரருக்கு வாழ்நாள் மூக்கடைப்பு விட்டது. அறையில் என்ன வாடை அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது அப்போதுதான். தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிவபிரகாஷின் மூக்கு நுனியிலிருந்து சொட்டு சொட்டாக வடிந்து டம்ளருக்குள் விழுந்தது. நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது. இருசாயி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி சொட்டுதுங்களே அய்யா. சத்தமும் வருது. பயந்துக்காதீங்க, வெறும் அறிகுறிதானுங்க. குறையா மாறுதான்னு தொடர்ந்து கவனிப்போம்." டம்ளரை நிரப்பினாள். "இன்னொரு வாய் குடிங்க."

"கதவு..." என்றார் சிவபிரகாஷ்.

"என்னங்க?"

"கதவைத் திற!"

"ஏனுங்க? குளிர் வீணாப் போயிருமுங்களே."

சிவபிரகாஷ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கதவில் இரண்டு கையாலும் அறைந்தார். "சதீஷ்! டேய் சதீஷ்! கதவைத் திறடா!"

வெளியிலிருந்து பணிவான குரல் வந்தது. "சார், நீங்க தட்டறது நல்லா கேக்குது சார். உறுதிப்படுத்திட்டேன். ஆனா கதவு என் பிரிவு இல்லீங்க சார்."

அப்போதுதான் சிவபிரகாஷ் உடைந்தார். கம்பளியைக் கிழித்தெறிகிற வேகத்தில் கழற்றி வீசினார். கோட்டை வீசினார். டை சிக்கிக்கொண்டது. அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கேமராவுக்கு நேராகப் போய் நின்றார்.

"ஓடலை சார்! இந்த ஏசி ஓடவே இல்ல! செத்துப்போச்சு! பதினெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! மனுசன் வேகறான் சார் இங்க!"

ஏசி மட்டும் டொக்கு டொக்கு என்றது.

"சிவபிரகாஷ், நீங்க இப்ப சொன்னது புகாரா?" என்று மாதேஸ்வரன் கேட்டார்.

"புகார்தான் சார்! புகார்! புகார்!"

கொல்லிமலை குளிர் மண்டலத்தில் கம்ப்யூட்டர் முடித்து வைக்க முடியாத முதல் புகாரை இப்படித்தான் மண்டல மேலாளர் தன் வாயாலேயே, எல்லாக் கிளைகளும் சாட்சியாகப் பதிவு செய்தார். வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று அதுவரை காத்திருந்த மாதேஸ்வரன், ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை உதறினார். "நான் வந்ததுமே சந்தேகப்பட்டேன்" என்றார். மற்றவர்களும் வந்ததுமே சந்தேகப்பட்டிருந்தார்கள். கம்பளிகள் தரையில் குவிந்தன.

இருசாயி கதவருகே போய், "தம்பி, திற சாமி" என்றாள். தாழ்ப்பாள் உடனே விலகியது. வெளியே அடித்த உச்சி வெயில் அவர்களுக்குத் தென்றலாக இருந்தது. வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பிரிவு பேதமில்லாமல் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் மாதேஸ்வரன் அங்கேயே நீதி வழங்க வேண்டியிருந்தது. "இன்று மாலைக்குள் இந்தத் தாயின் வீட்டில் புது ஏசி ஓட வேண்டும்!" என்றார். புது ஏசி குடோனிலிருந்து வெளியே வரப் பல பிரிவுகள் கையெழுத்துப் போட வேண்டுமென்று யாரோ காதில் சொன்னார்கள். மாதேஸ்வரன் தொட்டியோரம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த சிவபிரகாஷைப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் படுக்கையறையில ஒண்ணு இருக்குல்ல?"

"சார், அது என் சொந்த..."

"அதைக் கழட்டிக் கொண்டு வாங்க."

சாயங்காலம் அது வந்தது. யாரும் பார்த்திராத கழட்டுகிற பிரிவும் கூடவே வந்தது. மூன்று பேர், வெயிலே படாத வெள்ளைக் கையோடு. சதீஷ்குமார் ஏணியைப் பிடித்துக்கொண்டான். மாட்டி முடித்து ரிமோட்டை இருசாயியின் கையில் கொடுக்கும்போது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பதினாறுல வெச்சிருக்காருக்கா. வீட்டம்மா போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு, கழட்டாதீங்கன்னு ஒரே அழுகை."

"சாரு என்ன சொன்னாரு?"

"மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிட்டுப் போனாரு."

எல்லோரும் போன பிறகு இருசாயி மலைக்குப் போன் போட்டுப் புருஷனை முதல் பஸ்ஸுக்கு வரச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கம்பளியெல்லாம் பெரிய மனிதர்களின் வேர்வையில் ஊறி, துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. போர்த்த ஒன்றுமில்லை. பதினாறு டிகிரி எலும்புவரைக்கும் இறங்கியது. பல் கிட்டியது. விரல் விறைத்தது. ரிமோட் கையில்தான் இருந்தது. அவள் அதை அமுக்கவில்லை. மொட்டை மாடியையும், அங்கே கடிக்கும் கொசுவையும், ராத்திரியிலும் தணியாத தளத்துச் சூட்டையும் நினைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி விடிகிற வரைக்கும் நடுங்கினாள்.

காலை பஸ்ஸில் சுப்பையன் வந்து இறங்கினான். வாசலில் நின்றிருந்தவளுக்கு மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது. இரண்டு தும்மல் போட்டாள்.

"என்ன புள்ள, இந்த வெயில்ல உனக்குச் சளியா?"

"இல்லீங்க" என்றாள் இருசாயி. மூன்றாவது தும்மலையும் ஆசை தீரப் போட்டு முடித்தாள். "சந்தோசமுங்க."